தேனீப் பெட்டிக்கும் ஒரு பாஸ்புக்

ஒரே பேனாவால் ஒரே அமர்வில் எழுதி முடிக்கப்பட்ட கணக்கேட்டை வங்கியில் பணிபுரிவோர் எளிதில் இனங்கண்டுகொள்வர். எழுத்துகள் யாவும் ஒரே சாய்வில் நிற்கும். தாள்களின் ஓரம் மடங்கியிராது. ஆறு மாத நிகழ்ச்சிகளில் ஓர் அடித்தல் திருத்தம்கூட இராது. அத்தகைய ஏடு ஒன்றை நாங்கள் ஒருமுறை கேள்வி எதுவும் கேட்காமல் பெற்றுக்கொண்டோம். அதனால் ஒரு தேனீ வளர்ப்பாளர் பட்ட இன்னலே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. தேனீப் பெட்டிகளைச் சோதித்துக் குறிப்பு எழுதி வைப்பது யாருடைய நன்மைக்காக என்பது பற்றி எங்கள் எண்ணம் அதற்குப் பின்னரே தெளிவடைந்தது.

இராஜஸ்தானில் பரத்பூரைச் சுற்றியுள்ள ஊர்களில் நவம்பர் இறுதி தொடங்கிக் கடுகு பூக்கும். கண்ணுக்கு எட்டிய தொலைவு வரை வயல்கள் மஞ்சளாக விரிந்து கிடக்கும். அப்பருவத்தில் பஞ்சாப், அரியானா, உத்தரப் பிரதேசம், பீகார் ஆகிய மாநிலங்களிலிருந்து லாரிகளில் தேனீப் பெட்டிகள் வந்திறங்கும். கடுகுப் பூ முடிந்ததும் பலர் பீகாரின் முசாபர்பூருக்கு லிச்சிப் பூவைத் தேடிச் செல்வர். பின்னர் வேறு பூக்கள், வேறு மாநிலங்கள். மழைக்காலத்தில் பூக்கள் அருகிவிடும்போது சர்க்கரைப் பாகு ஊட்டித் தேனீக்களைக் காப்பாற்றுவர். ஓராண்டில் மூன்று நான்கு மாநிலங்களைக் காணும் இத்தொழிலுக்குக் கடன் வழங்கிய கிளை ஒன்றில் எங்களுட் சிலர் பணியாற்றினோம்.

எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் 100 பெட்டிகள் வைத்திருந்தார். கடனைப் புதுப்பிக்க வந்தபோது சோதனைப் பதிவேடு வேண்டும் என்றோம். நாங்கள் கொடுத்த படிவத்தில் மூன்றே பத்திகள் இருந்தன: தேதி, பெட்டிகளின் எண்ணிக்கை, நிலை. மறுநாளே அவர் ஏட்டைக் கொண்டுவந்தார். ஒவ்வொரு வாரத்திற்கும் ஒரு வரி. ஒவ்வொரு வரியிலும் 100 பெட்டிகள், ‘நல்ல நிலை’. கோப்பில் சேர்த்தோம். கடன் புதுப்பிக்கப்பட்டது. அதன் பிறகும் மாதந்தோறும் அதே போன்ற தாள்கள் வந்தன. அவற்றையும் கோப்பில் சேர்த்தோம்.

அவ்வாண்டு மழைக்காலம் முடிவதற்குள் பாதிக்கும் மேற்பட்ட கூட்டங்கள் அழிந்தன. காப்பீட்டுத் தொகைக்கும் கடன் தவணையை மாற்றியமைப்பதற்கும் அவர் விண்ணப்பித்தார். இரண்டு இடங்களிலும் ஒரே கேள்வி எழுந்தது: “உங்கள் ஏட்டின்படி சென்ற வாரம் வரை 100 பெட்டிகளும் நல்ல நிலையில் இருந்தன; ஒரே வாரத்தில் இத்தனை கூட்டங்கள் எவ்வாறு அழியும்?” உண்மையில் இரு மாதங்களுக்கு முன்பே உண்ணித் தாக்குதலை அவர் கண்டிருந்தார். மருந்தும் இட்டார், பாகும் ஊட்டினார். ஆனால் பலவீனம் என்று எழுதினால் வங்கி கடனை நிறுத்திவிடுமோ என்று அஞ்சி எதனையும் எழுதவில்லை. காப்பீட்டுத் தொகை மறுக்கப்பட்டது. தவணை மாற்றத்திற்கு அவர் பல மாதங்கள் அலைந்தார். அவருக்குச் சான்றாக நிற்க வேண்டிய ஏடு அவருக்கு எதிரான சாட்சியாயிற்று.

உண்மைக்கு மாறாக எழுதியவர் அவர்தாம். அவ்வாறு எழுதத் தூண்டியவர்கள் நாங்கள். நாங்கள் கொடுத்த படிவத்தில் உண்மையை எழுத இடமே இருக்கவில்லை.

அதே கிளையில் 40 பெட்டிகளுக்குக் கடன் பெற்ற அம்மையார் ஒருவர் இருந்தார். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். பிள்ளைகளின் பள்ளி நோட்டுப் புத்தகம் ஒன்றில் குறிப்பெழுதி வந்தார். தாள்களில் தேனீப் பிசினின் பழுப்புக் கறை, எழுத்துப் பிழைகள், பாதி பென்சில், பாதி பேனா. ஒரு நாள் குறிப்பு ஏறத்தாழ இவ்வாறு இருந்தது: “14ஆம் பெட்டி. முட்டை இல்லை. இராணி தென்படவில்லை. 9ஆம் பெட்டியிலிருந்து முட்டையுள்ள சட்டம் ஒன்று கொடுத்தேன்.” நான்கு வாரங்களுக்குப் பிந்தைய வரி: “14. முட்டை உண்டு.” இன்னொரு பக்கத்தில்: “31 போயிற்று.”

அந்நோட்டை எங்களுக்காக அவர் எழுதவில்லை. பலவீனமான பெட்டிகளை ஒரு நாள் நோட்டில் தேடிப் பார்த்தபோது, அவற்றுட் பெரும்பாலானவற்றில் இரண்டு ஆண்டு கடந்த இராணிகள் இருப்பதைக் கண்டுகொண்டதாகச் சொன்னார். அடுத்த பருவத்திற்குள் அவற்றை மாற்றினார். மற்றொருமுறை, ஒரு குறிப்பிட்ட நாளில் வரிசையின் ஓரத்திலிருந்த ஆறு பெட்டிகளின் வாயிலில் மட்டும் தேனீக்கள் குவியலாக இறந்து கிடந்ததை எழுதியிருந்தார். அந்தத் தேதியைக் காட்டிப் பக்கத்து வயற்காரரிடம் பேசினார். அசுவினிக்குப் பகலில் தெளித்த மருந்தே காரணம் என்பது தெளிவாயிற்று. அதன்பின் தேனீக்கள் பெட்டிக்குத் திரும்பிவிடும் மாலை வேளையில் தெளிக்க அவர் இசைந்தார்.

இவ்விருவருக்கும் இடையிலிருந்த வேறுபாடு கல்வியாலோ பெட்டிகளின் எண்ணிக்கையாலோ வந்ததன்று. ஒருவர் வங்கிக்காக எழுதினார். மற்றவர் தேனீக்காக எழுதினார். தேனீக்காக எழுதப்பட்ட குறிப்பே இறுதியில் வங்கிக்கும் பயன்படுகிறது என்பது எங்கள் கருத்து.

தேனீ வளர்ப்பில் எழுத்து ஏன் இத்துணை இன்றியமையாதது? தேனீக் கூட்டின் வாழ்க்கை நாட்கணக்கில் இயங்குவது. நம் நாட்டில் பெட்டிகளில் மிகுதியாக வளர்க்கப்படும் இத்தாலியத் தேனீயை எடுத்துக்கொள்வோம். முட்டை மூன்று நாட்களில் பொரிக்கும். முட்டையிலிருந்து இராணி வெளிவர 16 நாட்கள், பணித்தேனீ வெளிவர 21 நாட்கள், ஆண்தேனீ வெளிவர 24 நாட்கள். ஆகவே, அடையறையில் முட்டையைக் கண்டால் அதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இராணி அங்கே இருந்தது என்பது உறுதி. இராணியைத் தேடி எல்லாச் சட்டங்களையும் புரட்ட வேண்டிய தேவை இல்லை. இராணி அறையில் முட்டையைக் கண்ட நாளை எழுதி வைத்தால், அவ்வறை எந்நாளில் மூடப்படும், கூட்டம் எந்நாளில் பிரிந்து பறக்கக்கூடும் என்பதை விரல்விட்டு எண்ணிவிடலாம். தேதியில்லாத நினைவால் இக்கணக்கைப் போட இயலாது.

100 பெட்டிகள், பெட்டிக்குப் பத்துச் சட்டம் என்றால் 1,000 சட்டங்கள். எத்தனை கூர்மையான நினைவாற்றலும் இதற்குப் போதாது. இதற்கென நீண்ட படிவமும் தேவையில்லை. பெட்டிக்கு ஓர் எண், அவ்வெண்ணுக்கு ஒரு பக்கம், சோதனை ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. அவ்வரியில் ஐந்து செய்திகள் இருந்தால் போதும் என்பது நாங்கள் கண்ட வளர்ப்பாளர்களின் அனுபவம்.

முதலாவது, தேதியும் இடமும். பெட்டி கடுகு வயலில் இருந்ததா, லிச்சித் தோப்பில் இருந்ததா என்பது பின்னர்த் தேனின் வகையைச் சொல்லவும் உதவும். இரண்டாவது, இராணியும் முட்டையும். இராணியின் வயதைக் குறித்து வைக்க உலகெங்கும் வழங்கும் எளிய முறை ஒன்று உண்டு. இராணியின் முதுகில் ஆண்டுக்கு ஒரு வண்ணப் புள்ளி இடுவர். ஆண்டின் இறுதி எண் 1 அல்லது 6 எனில் வெள்ளை, 2 அல்லது 7 எனில் மஞ்சள், 3 அல்லது 8 எனில் சிவப்பு, 4 அல்லது 9 எனில் பச்சை, 5 அல்லது 0 எனில் நீலம். மூன்றாவது, வலிமை: தேனீக்கள் மொய்த்திருக்கும் சட்டங்கள் எத்தனை, புழு வளரும் சட்டங்கள் எத்தனை. ‘நல்ல நிலை’ என்று எழுதுவதை விட ‘8 சட்டம், புழு 5’ என்று எழுதுவது நூறு மடங்கு பயன் தரும். நான்காவது, நோயும் பூச்சியும். ஏறத்தாழ 300 தேனீக்களை ஒரு குப்பியில் எடுத்துப் பொடித்த சர்க்கரையில் உருட்டினால் அவற்றின் உடலிலுள்ள உண்ணிகள் உதிரும். அந்த எண்ணிக்கையை எழுதி வைத்தால், உண்ணி பெருகுகிறதா குறைகிறதா என்பது அடுத்த மாதம் விளங்கும். ஐந்தாவது, செய்த வேலை: ஊட்டிய பாகு, இட்ட மருந்து, கொடுத்த சட்டம், எடுத்த தேன். மருந்து இட்ட நாளும் தேன் எடுத்த நாளும் அருகருகே எழுதப்பட்டிருப்பது மிகவும் முக்கியம்.

குறிப்பெழுதும் வழக்கம் வங்கிகள் கண்டுபிடித்ததன்று. தேனீயைப் பற்றி மனிதர் இன்று அறிந்திருப்பவற்றுட் பல குறிப்பேடுகளிலிருந்து பிறந்தவை. 18ஆம் நூற்றாண்டில் சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த பிரான்சுவா ஹியூபர் இளமையிலேயே பார்வையை இழந்தவர். அவர் வினாக்களை எழுப்புவார். அவருடைய உதவியாளர் பர்னென்ஸ் கூட்டைத் திறந்து கண்டவற்றை அவருக்கு உரைப்பார். அவ்வாறு திரண்ட செய்திகள் 1792இல் நூலாக வெளிவந்து தேனீ அறிவியலுக்கு அடித்தளமாயின. பார்வையை இழந்த ஒருவர், பிறர் கண்டு சொன்னதை ஒழுங்குபடுத்தியே இத்தனையையும் சாதித்தார். அமெரிக்காவின் லாங்ஸ்ட்ராத், அடைகளுக்கு இடையே தேனீக்கள் விட்டுவைக்கும் சிறு இடைவெளியின் பயனை 1851இல் உணர்ந்தார். மறு ஆண்டே அசையும் சட்டங்கள் கொண்ட பெட்டிக்குக் காப்புரிமை பெற்றார். இன்று பரத்பூரின் கடுகு வயலில் நிற்பதும் அவர் பெயரால் வழங்கும் பெட்டியே. சட்டத்தை உடையாமல் எடுத்துப் பார்த்து மீண்டும் வைக்க முடிந்த பின்னரே சோதனை என்பதும் சோதனைக் குறிப்பு என்பதும் எளிதாயின.

நம் பகுதிக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. 1990களின் தொடக்கத்தில் தாய் சாக்புரூட் என்னும் வைரஸ் நோய் தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் ஆகிய மாநிலங்களில் பரவி, பெட்டிகளில் வளர்க்கப்பட்ட இந்தியத் தேனீக் கூட்டங்களுள் பெரும்பகுதியை அழித்தது. மார்த்தாண்டம் பகுதியில் அதன் துயரை நினைவுகூர்வோர் இன்றும் உள்ளனர். எஞ்சிய கூட்டங்களிலிருந்தே இத்தொழில் மீண்டும் தழைத்தது. எஞ்சிய கூட்டம் எது, அதன் தாய்க் கூட்டம் எது, அது எத்தனை முறை நோயுற்று மீண்டது என்பவற்றை அறிந்தால்தான் வலிய கூட்டத்தைத் தேர்ந்து பெருக்க முடியும். அந்த அறிவுக்கு எழுத்தை விட்டால் வேறு புகலிடம் இல்லை.

இதற்கு மறுப்புகளும் உண்டு. அவற்றை நாங்கள் புறக்கணிக்கவில்லை.

“என் பெட்டிகளை என் பிள்ளைகளைப் போல் அறிவேன்” என்பர் சிலர். அவ்வன்பை ஐயுற இடமில்லை. ஆயினும், பிள்ளைக்குத் தடுப்பூசி போட்ட தேதியை அட்டையில் எழுதித்தானே வைக்கிறோம்? வேறு சிலர் பெட்டியின் மேல் ஒரு கல்லை வைப்பர். கல் கிடந்தால் கூட்டம் நலம். நின்றால் கவனிக்க வேண்டும். அருமையான முறைதான். எனினும் கல் இன்றைய நிலையை மட்டுமே சொல்லும். திருப்பி வைத்த கணத்திலேயே நேற்றைய நிலையை அது அழித்துவிடும். கல்லும் இருக்கட்டும், நோட்டும் இருக்கட்டும்.

கையில் பிசினும் தேனும் ஒட்டியிருக்க, முகத்தில் வலையும் கையில் புகைப்பானும் இருக்க, எவ்வாறு எழுதுவது என்பது நியாயமான கேள்வி. உடன் இருப்பவர் எழுதலாம். ஹியூபரின் உதவியாளர் கண்டு சொன்னார், இங்கே உதவியாளர் கேட்டு எழுதுவார். தனியாளாயின் கைபேசியில் குரலைப் பதிந்து இரவில் நோட்டில் ஏற்றலாம். எழுதப் படிக்கத் தெரியாதவர், முட்டைக்கு ஒரு புள்ளி, நோய்க்கு ஒரு பெருக்கல் குறி எனத் தமக்கென அடையாளங்களை வகுத்துக்கொள்ளலாம். சந்தையில் தேங்காய்க் கணக்கைச் சுவரில் கோடிட்டு வைத்த தலைமுறைக்கு இது புதிதன்று.

சந்தையும் இப்போது இதனைக் கேட்கத் தொடங்கிவிட்டது. நோயுயிர்முறி மருந்துகளின் எச்சம், தேன் வந்த வழியை அறிய இயலாமை ஆகியவை குறித்த ஐயங்களால் ஐரோப்பிய ஒன்றியம் 2010இல் இந்தியத் தேனின் இறக்குமதியை நிறுத்தியது. மறு ஆண்டுதான் தடை நீங்கியது. எங்கோ ஒரு பெட்டியில் யாரோ இட்ட மருந்துக்காக, மருந்தே இடாதவரின் தேனும் துறைமுகத்தில் நின்றது. 500 கோடி ரூபாய் ஒதுக்கீட்டுடன் தேசியத் தேனீ வளர்ப்பு மற்றும் தேன் இயக்கத்தை மத்திய அரசு அறிவித்ததும், தேனின் மூலத்தைக் கண்டறிவதற்காக ‘மதுகிராந்தி’ இணையதளத்தை 2021இல் தொடங்கியதும் யாவரும் அறிந்தவை. ஆனால் இணையதளத்தில் ஏறும் செய்தியின் வேர், பெட்டியருகே எழுதப்படும் அந்த ஒற்றை வரியில் இருக்கிறது. அவ்வரி பொய்யானால் மேலே கட்டப்படும் அனைத்தும் பொய்யாகும்.

இனி, எங்கள் தரப்பு. தேனீ வளர்ப்பு வேளாண்மை சார்ந்த தொழிலாக முன்னுரிமைக் கடன் பிரிவில் இடம்பெற்றுள்ளது. வேளாண்மைக்கும் அதனைச் சார்ந்த தொழில்களுக்கும் பிணையின்றி வழங்கப்படும் கடனின் வரம்பு 2025 ஜனவரி முதல் தேதியிலிருந்து 2 லட்சம் ரூபாயாக உயர்ந்துள்ளது. நிலத்தையோ நகையையோ பிணையாகக் காட்ட இயலாதவரிடம் வங்கி எதனை நம்பிக் கடன் கொடுக்கும்? அவருடைய தொழில் ஒழுக்கத்தைத்தான். அதனைக் காட்டுவதற்கு, பெட்டிகளுக்கு முன்னே நின்று எடுத்த புகைப்படத்தை விடக் கறை படிந்த நோட்டே தகுதியானது.

ஆகவே வங்கிகள் மூன்று செய்ய வேண்டும் என்பது எங்கள் நிலைப்பாடு. வளர்ப்பாளர் தம் மொழியில், தம் முறையில் எழுதிய நோட்டை அப்படியே ஏற்க வேண்டும். தனிப் படிவத்தைத் திணிக்கலாகாது. கடன் ஆய்வுக்குச் செல்லும் அலுவலர் பெட்டிகளை எண்ணுவதோடு நிறுத்தாமல், ஏதேனும் இரண்டு பெட்டிகளைத் திறக்கச் சொல்லி நோட்டோடு ஒப்பிட வேண்டும். இவற்றினும் முக்கியமானது மூன்றாவது: இழப்பை எழுதியவருக்கு அவ்வெழுத்தால் தீங்கு நேரக் கூடாது. பெட்டி பலவீனம் என்று எழுதியவர் சிக்கலைக் கண்டவர், கண்டதை மறைக்காதவர். அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி, “ஏன் பலவீனமாயிற்று?” என்பதன்று, “அதற்கு என்ன செய்தீர்கள்?” என்பது. குறையே இல்லாத ஏட்டைக் கண்டு மகிழும் பழக்கத்தை நாங்கள் கைவிட வேண்டும். உயிருள்ள எதனையும் வளர்ப்பவரின் ஏட்டில் இழப்பே இல்லையெனில், அங்கு ஐயத்திற்கு இடமுண்டு.

இதனைச் சொல்லும்போது ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். விதிகள் மாறுவதற்கு நாளாகும். கோப்பில் தூய்மையான தாளை விரும்பும் மேலதிகாரிகளும் தணிக்கையாளர்களும் இருப்பர். ‘பலவீனம்’ என்ற சொல் ஒரு கடனைத் தாமதப்படுத்தும் வாய்ப்பு முற்றிலும் நீங்கிவிட்டது என்று நாங்கள் வாக்களிக்க இயலாது. ஆயினும், எழுதாதிருந்ததால் நேர்ந்த இழப்பு எத்தகையது என்பதை அந்த 100 பெட்டிகளின் உரிமையாளரிடம் கண்டோம். உண்மையை எழுதியவருக்காக ஓர் அலுவலர் வாதாட முடியும். ‘நல்ல நிலை’ என்று மட்டும் எழுதியவருக்காக வாதாட அவர் கையில் ஒன்றுமே இராது.

அவர் இப்போதும் தொழிலில் இருக்கிறார். எஞ்சிய பெட்டிகளைப் பிரித்துப் பெருக்கினார். எங்களுட் ஒருவர் அடுத்த கடுகுப் பருவத்தில் அவரிடத்திற்குச் சென்றபோது, பெட்டியின் மூடிக்கு அடியிலிருந்து பிளாஸ்டிக் உறையில் பொதிந்த ஒரு நோட்டை எடுத்துக் காட்டினார். முதல் பக்கத்தின் முதல் வரி: “3ஆம் பெட்டி. 4 சட்டம்தான். உண்ணி உண்டு.”

தேனீ வளர்க்கும் வாடிக்கையாளர்களுக்கு எங்கள் வேண்டுகோள் இதுவே. இந்த வாரச் சோதனையிலேயே தொடங்குங்கள். அடுத்தமுறை கிளைக்கு வரும்போது அந்நோட்டையும் எடுத்து வாருங்கள். எங்களுக்காக அதனைத் திருத்தமாகப் படியெடுக்க வேண்டா. பிசின் கறையுடன் அப்படியே கொண்டுவாருங்கள்.